மூட்டு ஆபரேஷனுக்குப் பின் கோடைத் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் மூட்டு மாற்று, இடுப்பெலும்பு முறிவு, பக்கவாதம் என்று நடை குறைந்ததற்குக் காரணம் எதுவானாலும் வீட்டுத் தோட்டக்காரர்களின் புலம்பல் ஒன்றுதான்: செடி மாடியில் வாடுகிறது, நான் கீழே கட்டிலில் கிடக்கிறேன். கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டு மாடி, பால்கனி, வாசல் தோட்டங்களை வைத்து எழுதியவை. காலம் பங்குனி முதல் ஆனி வரை. உங்கள் டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ உங்களுக்கென்று சொன்னது இதற்கு மாறாக இருந்தால் அவர்கள் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

ஆபரேஷன் ஆகி எத்தனை நாளில் தோட்டத்துக்குப் போகலாம்?

தோட்டம் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. பால்கனி என்றால், வாக்கரில் நடந்து பழகி வீடு திரும்பியதுமே போய் உட்காரலாம். வாசலில் இரண்டு மூன்று படி இருந்தால், படி ஏறப் பழக்கித்தான் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்புவார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். மொட்டை மாடி வேறு விஷயம். ஒரு மாடிக்கு ஏறக்குறைய 18, 20 படி. ஏறும்போது தெம்பாகத்தான் இருக்கும், இறங்கும்போதுதான் தொடை நடுங்கும். முழங்கால் மாற்றியவர்கள் ஆறு வாரமாவது பொறுத்து, பிசியோதெரபிஸ்ட் சரி என்ற பிறகு ஏறுவது நல்லது.

மண்ணைத் தொடுவதற்கு இன்னொரு கணக்கு. தையலோ ஸ்டேப்ளரோ எடுக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குப் பிறகும் புண் முழுக்க மூடி, பொருக்கு தானாக உதிரும் வரை மண், எரு, மண்புழு உரம் எதிலும் கை வைக்க வேண்டாம். அதுவரை பார்க்கலாம், பூப் பறிக்கலாம், கீரை ஆயலாம். சர்க்கரை உள்ளவர்கள் புண் ஆறிய பிறகும் கையுறை இல்லாமல் மண்ணைக் கிளற வேண்டாம். மீலியாய்டோசிஸ் என்ற காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியா நம் ஊர் மண்ணிலும் ஈரத்திலும் இருக்கிறது. அது பெரும்பாலும் பிடிப்பது சர்க்கரை நோயாளிகளைத்தான்.

மாடிப்படியில் எந்தக் காலை முதலில் வைப்பது?

ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு ஆபரேஷன் ஆன கால், கடைசியாக ஊன்றுகோல். இறங்கும்போது ஊன்றுகோல் முதலில் கீழ்ப்படிக்கு, பிறகு ஆபரேஷன் ஆன கால், கடைசியில் நல்ல கால். உடம்பைத் தூக்குவதும் தாங்குவதும் எப்போதும் நல்ல காலின் வேலையாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். ஒரு கை கைப்பிடியில், மறு கை ஊன்றுகோலில். ஒரு படியில் இரண்டு காலும் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த படி.

வாக்கரைப் படியில் பயன்படுத்தக் கூடாது. மாடியில் நடக்க வாக்கர் வேண்டும் என்றால் வேறொருவர் முன்பே மேலே கொண்டுபோய் வைக்கட்டும். கைப்பிடி இல்லாத படி, வெளிப்பக்கம் சுற்றிச் சுற்றி ஏறும் இரும்புப் படி ஆகிய இரண்டிலும் இந்தக் கோடை முடியும் வரை ஏற வேண்டாம். எங்களைக் கேட்டால் அடுத்த கோடையிலும்தான்.

அப்படியானால் மாடித் தோட்டத்தை என்ன செய்வது?

எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். நாற்பது செடிப் பையில் ஆறு அல்லது எட்டைக் கீழே இறக்கிவிட்டு, மற்றவற்றைச் சொட்டுநீரிலோ பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பிலோ விடுங்கள். காய்த்து ஓய்ந்த கத்தரி, பூச்சி பிடித்த தக்காளி இவற்றையெல்லாம் பிடுங்கிப் போட இதுவே நல்ல சாக்கு.

இறக்க வேண்டியவை தினமும் கை படுகிறவை: கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி, ஒரு குண்டுமல்லி, ஒரு பச்சை மிளகாய், ஒரு கீரைத் தொட்டி. 12க்கு 12 அங்குலப் பையில் 20 லிட்டர் கலவை பிடிக்கும்; தண்ணீர் ஊற்றியதும் எடை 20 கிலோவைத் தாண்டும். இறக்குவதற்கு முந்தின நாள் தண்ணீர் விடாமல் வைத்தால் சில கிலோ குறையும். ஒரு வருடத்துக்கு மேல் வெயிலில் நின்ற பையின் காதைப் பிடித்துத் தூக்காதீர்கள், பாதிப் படியில் கிழிந்து கையோடு வந்துவிடும். பழைய சாக்கில் பையை நிறுத்தி இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து இறக்குவதே வழி. அந்த இரண்டு பேரில் நீங்கள் ஒருவர் இல்லை.

பால்கனி கிழக்குப் பார்த்தது என்றால் எந்தச் செடிக்கும் கவலை இல்லை. மேற்குப் பார்த்தது என்றால் பிற்பகல் வெயில் நேராக அடிக்கும். 50 சதவீத ஷேடு நெட்டை வெளிப்பக்கமாகத் திரைபோலக் கட்டுங்கள். 75, 90 சதவீத வலையில் நிழல் அதிகம்தான், ஆனால் மல்லி மொட்டு விடாது, கீரை வெளுத்து நீண்டு சாயும்.

எந்த நேரத்தில் உட்காரலாம்?

காலை 6 முதல் 8 வரை. மாலையில் 5 மணிக்குப் பிறகு. கத்திரி நாட்களில், அதாவது மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அந்தப் பொழுதில், காலை எட்டுக்குமேல் மாடியில் இருக்கவே வேண்டாம்.

ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் பெரும்பாலான நாட்களில் பிற்பகலில் கடல்காற்று வந்துவிடும், மாலை ஐந்தரைக்கு மாடி சுகமாக இருக்கும். வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் அந்தக் கொடுப்பினை இல்லை. பகலெல்லாம் காய்ந்த தளம் இரவு ஏழு, எட்டு வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அங்கே காலைதான் தோட்ட நேரம். தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்போ கூலிங் பெயிண்டோ அடித்திருந்தால் மாலையில் அந்தச் சூடு வெகுவாகக் குறையும்.

நீர் மாத்திரை, பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வெயிலில் உட்கார்ந்துவிட்டு எழும்போது கண் இருட்டும். எழுவதற்கு முன் கணுக்காலைப் பத்து தடவை மேலும் கீழும் அசைத்து, எழுந்து கைப்பிடியைப் பிடித்தபடி பத்து எண்ணிவிட்டுப் பிறகு நடங்கள். கையெட்டும் தூரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரோ மோரோ இருக்கட்டும். இருதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுதான். டிராமடால் போன்ற தூக்கம் வரும் வலி மாத்திரை போட்ட வேளையில் படி ஏறக் கூடாது.

எப்படிப்பட்ட நாற்காலி வேண்டும்?

இரண்டு பக்கமும் கை இருக்க வேண்டும். உட்காரும் பலகை தரையிலிருந்து 18 முதல் 20 அங்குலம். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், உயர்ந்துவிடக் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்: பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் இடுப்பை 90 பாகைக்குமேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, ஆபரேஷன் ஆன காலை உள்பக்கம் திருப்பக் கூடாது. பொதுவாக 6 முதல் 12 வாரம் இந்தக் கட்டுப்பாடு இருக்கும்; உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

கடையில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி பெரும்பாலும் 16, 17 அங்குலம்தான். ஒரே மாதிரி நாற்காலி இரண்டை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் உயரமும் கூடும், உறுதியும் கூடும். தலையணை போட்டு உயர்த்த வேண்டாம், எழும்போது வழுக்கும். இரண்டு மூன்று கோடை மொட்டை மாடியிலேயே கிடந்த நாற்காலியில் உட்கார வேண்டாம். வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். நிறம் வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவுபோல ஒட்டினால் அதன் காலம் முடிந்தது என்று அர்த்தம். கால் ஒன்று சட்டென்று முறிந்தால் முதலில் தரையில் மோதுவது உங்கள் புது மூட்டுதான்.

எழும்போது நாற்காலியின் முன் விளிம்புக்கு நகர்ந்து, ஆபரேஷன் ஆன காலைச் சற்று முன்னே நீட்டி, இரண்டு கையாலும் நாற்காலியின் கைகளை அழுத்தி எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் வாக்கரும் சேர்ந்து மேலே சாயும்.

நாற்காலி எவ்வளவு சுகமாக இருந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் சில வாரங்களுக்கு இருக்கும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது கூடும்.

குனியாமல் எப்படித் தோட்ட வேலை செய்வது?

பை வைத்திருக்கும் உயரத்தை மாற்றினால் முக்கால்வாசிக் குனிவு போய்விடும். நிறையப் பேர் எல்லாப் பைகளையும் ஒரே உயர ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, மூன்று மாதம் கழித்து வெண்டைக்காயைப் பறிக்க நாற்காலி மேல் ஏறப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அல்ல. காயோ பூவோ இலையோ கடைசியில் எந்த உயரத்தில் வந்து நிற்கும் என்பதை. 18 அங்குல நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு முழங்கை ஏறக்குறைய 26, 27 அங்குலத்தில் இருக்கும், தோள் 40 அங்குலத்தை ஒட்டி. இந்த இரண்டுக்கும் நடுவில் அறுவடை வந்து நிற்க வேண்டும்.

வெண்டை நாலடி, ஐந்தடி போகும். எனவே பை தரையில். முதல் காய்கள் தொடை உயரத்தில் வரும், போகப் போகத் தோளுக்கு ஏறும். தோளைத் தாண்டினால் நுனியை வெட்டிவிடுங்கள், பக்கக்கிளை விட்டுக் கீழேயே காய்க்கும். கத்தரி, மிளகாய் இரண்டடி மூன்றடிச் செடிகள். அவற்றுக்கு அடியில் ஒரு ஹாலோ பிளாக், அதாவது 8 அங்குலம். கீரை மண்ணிலிருந்து அரையடிதான் எழும்பும் என்பதால் தொட்டியின் மண்மட்டமே 24, 26 அங்குலத்துக்கு வர வேண்டும்: இரண்டு ஹாலோ பிளாக் அடுக்கினால் 16 அங்குலம், அதன்மேல் 8 அங்குல ஆழத் தொட்டி. கணக்குச் சரியாக வரும்.

பாகல், பீர்க்கு, புடலையைத் தலைக்குமேல் பந்தலாக விட வேண்டாம். அண்ணாந்து கையை உயர்த்திப் பறிக்கும்போதுதான் நிலை தடுமாறும். கைப்பிடிச் சுவரை ஒட்டி நாலரை அடி உயரத்துக்கு நைலான் வலையைச் செங்குத்தாகக் கட்டி அதில் ஏற்றுங்கள். காய் குறையும், ஆனால் எல்லாக் காயும் கைக்கு எட்டும்.

கீரைத் தொட்டியின் எடையைக் குறைத்து எண்ண வேண்டாம். இரண்டடிக்கு ஓரடி, 8 அங்குல ஆழத் தொட்டி நனைந்தால் 35 கிலோ வரை போகும். பிளாஸ்டிக் ஸ்டூல் தாங்காது. பிளாக் இல்லையென்றால் வெல்டிங் பட்டறையில் இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்ட் அடித்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு அடியில் முழங்கால் நுழைய இடம் வேண்டும்: இரு பக்கமும் பிளாக் அடுக்கி, நடுவில் 30 அங்குல அகலம், 27 அங்குல உயரம் காலியாக விட்டு மேலே தடித்த பலகை. அதன்மேல் 6 அங்குல ஆழத் தொட்டிதான்; இல்லாவிட்டால் முழங்கை தோளுக்கு ஏறிவிடும்.

மண்கலவை?

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. பை இலகுவாக வேண்டும் என்று நார்க்கழிவை மட்டும் கூட்டினால் மே மாதத்தில் மேல்பாகம் காய்ந்து இறுகி, ஊற்றும் தண்ணீர் ஓரமாகவே வழிந்து ஓடிவிடும். கலப்பதைப் பிள்ளைகளிடமோ வேலைக்கு வரும் ஆளிடமோ விடுங்கள். கலவைமேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகு பரப்பினால் தண்ணீர்ச் செலவு நன்றாகக் குறையும். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுப் பரப்புங்கள்.

கோடையில் என்ன போடலாம், எதை விட்டுவிடலாம்?

போட வேண்டியவை: வெண்டை, கொத்தவரை, அரைக்கீரை, சிறுகீரை, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, பாகல். வெண்டை விதையை இரவு ஊறவைத்து, பைக்கு மூன்றாக, ஒரு விரல்கணு ஆழத்தில் ஊன்றி, முளைத்தபின் ஒன்றை மட்டும் நிறுத்தினால் 45, 50 நாளில் காய். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நுனி பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். செடியின் சுணை கையை அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

சிறுகீரை 25 நாளில் வேரோடு பிடுங்க வேண்டியது. உங்களுக்கு ஏற்றது அரைக்கீரைதான். ஒருமுறை விதைத்தால் ஒரு மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை துளிர்க்கத் துளிர்க்க அறுத்துக்கொண்டே இருக்கலாம். மறுபடி மறுபடி மண் கிளறும் வேலை மிச்சம். விதை கடுகைவிடப் பொடி. ஒரு ஸ்பூன் விதைக்கு இரண்டு கை மணல் கலந்து தூவினால்தான் சீராக விழும். எறும்பு ஒரே ராத்திரியில் விதையைக் காலி செய்துவிடும். தொட்டியைச் சுற்றி ஒரு பிடி ரவையைத் தூவி வைத்தால் அது ரவையைத் தூக்கிக்கொண்டிருக்கும், விதை தப்பும்.

தக்காளியை ஏப்ரல், மே மாதங்களில் விட்டுவிடுங்கள். இரவிலும் சூடு குறையாதபோது மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், காய் மட்டும் இருக்காது. கொத்தமல்லி விதைத்தால் இலை விடுமுன் பூத்துவிடும். ரோஜாவை இந்த வருடம் வேறொருவர் பராமரிக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் காலத்தில் ஒரு முள் கீறல்கூட நெடுநேரம் கசியும்.

தண்ணீர் எப்படி ஊற்றுவது? வாளி தூக்க முடியவில்லை.

தூக்கவே கூடாது. 10 லிட்டர் பூவாளி நிரம்பினால் 10 கிலோவுக்கு மேல். அதுவும் ஒரே கையில், ஒரே பக்கமாக இழுக்கும். எட்டு பைதான் என்றால் பக்கத்துக் குழாயில் பிடித்த ஒரு லிட்டர் சொம்பு போதும்.

அதற்கு மேல் என்றால் சொட்டுநீர். இருபது பைக்குத் தேவையானவை: மேல்நிலைத் தொட்டியிலிருந்து தனியாக ஒரு வால்வு, வலை ஃபில்டர் ஒன்று, 16 மி.மீ. கறுப்புக் குழாய் பைகளின் வரிசை நீளத்துக்கு, பைக்கு ஒரு டிரிப்பர் (தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் மூக்கு), 4 மி.மீ. மைக்ரோ டியூப் பைக்கு இரண்டடி, கடைசி முனைக்கு ஒரு எண்டு கேப். வெள்ளைக் குழாய் வாங்கினால் உள்ளே வெளிச்சம் புகுந்து பாசி வளரும்.

பலர் ஏமாறும் இடம் அழுத்தம். டிரிப்பரில் '4 லிட்டர்' என்று போட்டிருப்பது 10 மீட்டர் உயர நீர் அழுத்தத்துக்கான கணக்கு. உங்கள் தொட்டியின் நீர்மட்டம் பைகளைவிட ஒன்றரை மீட்டர்தான் உயரம் என்றால் மணிக்கு ஒன்றரை லிட்டர் வந்தாலே பெரிது. கோடையில் 12 அங்குலப் பைக்கு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வேண்டும். எனவே அரை மணி திறந்துவிட்டு 'சொட்டுநீர் போட்டும் செடி வாடுகிறதே' என்று சொல்ல வேண்டாம். காலையில் ஒரு மணி நேரம், கத்திரியில் மாலையிலும் அரை மணி. ஒரு டிரிப்பருக்கு அடியில் டம்ளரை வைத்து எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் உங்கள் வீட்டுக் கணக்கு தெரிந்துவிடும். எல்லாப் பைக்கும் ஒரே அளவில் விடும் என்று சொல்லி விற்கப்படும் பிரஷர் காம்பென்சேட்டிங் டிரிப்பர் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சரியாக வேலை செய்யாது. சாதாரணத் திருகு டிரிப்பரே போதும்.

தண்ணீரைத் தானாகத் திறந்து மூடும் டைமர் வாங்கினாலும் இதே சிக்கல். மின்காந்தத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு உள்ள பல டைமர்கள், தொட்டி அழுத்தத்தில் திறக்காது, திறந்தால் மூடாது. உள்ளே உருண்டை திரும்பித் திறக்கும் பால் வால்வு (ball valve) உள்ள டைமரா என்று கேட்டு வாங்குங்கள்.

போர் தண்ணீரில் உப்பு படிந்து டிரிப்பர் அடைக்கும். வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, எண்டு கேப்பைத் திறந்து ஒரு நிமிடம் தண்ணீர் ஓடவிட வேண்டும். அடைத்த டிரிப்பரை வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டால் திறக்கும். கேப்பும் ஃபில்டரும் இடுப்பு உயரத்தில் இருக்கும்படி பிளம்பரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தரையோடு தரையாக வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஹோஸ் குழாயைப் பயன்படுத்தினால் முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கும் விடாதீர்கள், காலிலும் விடாதீர்கள். வெயிலில் கிடந்த குழாய்த் தண்ணீர் சுடும்.

தரையில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஹோஸ் குழாயை. வாக்கர், ஊன்றுகோல் இரண்டுக்கும் அதைவிட மோசமான எதிரி இல்லை. வேலை முடிந்ததும் சுருட்டிச் சுவரில் மாட்ட ஆள் இல்லையென்றால் ஹோஸே வேண்டாம்.

பைகளுக்கு நடுவில் மூன்றடி வழி விடுங்கள். சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி இடம் வேண்டும். மாடிக் கதவின் வாசற்படி பல வீடுகளில் 6 அங்குலம் இருக்கும். அதற்குச் சாய்தளம் போடுவதானால் அங்குலத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஆறடி நீளம். அதைவிடக் குட்டையாகப் போட்டால் சக்கர நாற்காலியைத் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும், இறக்கும்போது கை நழுவும்.

தொட்டி வழிந்து ஓடும் பாதையில் பாசி பிடித்திருக்கும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, கால் மணி ஊறியபின் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். அதோடு ஆசிட்டையோ பாத்ரூம் கழுவும் திரவத்தையோ கலந்தால் நச்சுவாயு கிளம்பும். ஹவாய்ச் செருப்பு வேண்டாம், குதிகாலில் வார் உள்ளது வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் ஒரு எட்டுக்கூட வெறுங்காலில் வைக்கக் கூடாது. தளம் சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும்.

வாக்கரின் முன்கம்பியில் ஒரு மஞ்சப்பையைக் கட்டிவிட்டால் கத்தரிக்கோல், கையுறை, போன், பறித்த காய் எல்லாம் அதில் போகும். ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள், வாக்கர் முன்னால் சாயும்.

பக்கவாதம் வந்து ஒரு கையில்தான் பலம். என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்யலாம். ஈரத்துணியை மடித்து மேஜையில் போட்டு அதன்மேல் கிண்ணத்தையோ நாற்றுத் தட்டையோ வைத்தால் நகராது. மறுகை பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. கீரை விதையும் மணலும் கலந்ததை உப்பு டப்பாவில் போட்டுத் தூவலாம். தானாக விரியும் ஸ்பிரிங் கத்தரி வாங்குங்கள். கைக்கொத்தியின் பிடியில் பழைய சைக்கிள் ஹேண்டில் உறையைச் செருகிவிட்டால் தடிமனாகி, பலம் குறைந்த விரலுக்கும் பிடிபடும்.

பலம் குறைந்த கையைச் சும்மா மடியில் விடாதீர்கள். கீரையை ஆய்ந்து தண்டு வேறு, இலை வேறாகப் பிரிப்பது நல்ல விரல் பயிற்சி. பூக்கட்டுவது அடுத்த கட்டம். அந்தக் கையில் உணர்ச்சி குறைவாக இருந்தால் முள், சூடான குழாய், கட்டெறும்பு எதுவும் தெரியாது. வேலை முடிந்ததும் உள்ளங்கையையும் புறங்கையையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பூச்சிக்கு என்ன அடிப்பது?

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். மாலையில்தான் அடிக்க வேண்டும். காலையில் அடித்தால் வெயிலில் இலை கருகும். ஒரு லிட்டர் கைத்தெளிப்பான் போதும், தோளில் மாட்டும் டேங்க் வேண்டாம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசட்டும். மாவுப்பூச்சி கொஞ்சமாக இருந்தால் மருந்தே வேண்டாம், பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். உட்கார்ந்து செய்ய நல்ல வேலை.

வேலை எதுவும் வேண்டாம், சும்மா உட்கார்ந்து ரசிக்க வேண்டும். எதை வைக்கலாம்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஓடியாடித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த காலத்தில் கண்ணில் படாதவை உட்கார்ந்த இடத்தில்தான் தெரியும்.

நீங்கள் உட்காரும் நேரத்தில் எது பூக்கிறது என்று பார்த்து வையுங்கள். காலையில் உட்காருபவர்களுக்குச் சங்குப்பூ. வெயில் ஏறி உள்ளே வந்தபின் ஜன்னல் வழியாகப் பார்க்க டேபிள் ரோஸ். பத்து மணிப் பூ என்றும் சொல்வார்கள், வெயில் ஏற ஏற விரியும். குச்சியைக் கிள்ளி நட்டால் போதும், நாலு அங்குல மண்ணில் வளரும், ஒருநாள் தண்ணீர் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. மாலைக்காரர்களுக்கு அந்திமந்தாரை: நாலரை, ஐந்து வாக்கில் திறந்து மறுநாள் காலையில் மூடிக்கொள்ளும்.

குண்டுமல்லிக்குக் கோடைதான் பருவம். நாலு மணிக்கு மொட்டு பால்வெள்ளையாகப் பருத்திருக்கும், பறிப்பதானால் அப்போது. பறிக்காமல் விட்டால் இருட்டும் நேரத்தில் நாற்காலிக்குப் பக்கத்திலேயே விரியும். மொட்டு ஊதா நிறமாகி ஓட்டை விழுந்திருந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைக் கிள்ளி மூடிய பையில் போட்டுத் தூக்கி எறியுங்கள்.

கறிவேப்பிலைச் செடியை நாற்காலிக்குப் பக்கத்தில் கண்மட்டத்தில் வையுங்கள். கொழுந்தில் கடுகளவு வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று தெரிந்தால் அது வண்ணத்துப்பூச்சி முட்டை. சில நாளில் பறவை எச்சம் போலவே ஒரு புழு. எச்சம்தான் என்று பல பேர் துடைத்துவிடுகிறார்கள். வளர்ந்தபின் அதே புழு பச்சைக்கு மாறிவிடும். ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னால் கொம்புபோல் இரண்டு நீட்டி ஒரு நெடி விடும். பிறகு குச்சியில் நூல் கட்டித் தொங்கிக் கூடாகி, ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு காலைப்பொழுதில் வெளியே வரும். ரசத்துக்கு நாலு இலை குறையும், அவ்வளவுதான்.

செம்பருத்தி இருந்தால் தேன்சிட்டு வரும். பத்தடி தூரத்தில் ஒரு அகலமான மண் சட்டியில் இரண்டு அங்குலத் தண்ணீர் வையுங்கள். மைனாவும் தவிட்டுக்குருவியும் குளிக்கவே வரும். தினமும் கொட்டிக் கழுவி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் டெங்குக் கொசு வளர்ப்பவர் நீங்கள்தான்.

எப்போது பயப்பட வேண்டும்?

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல் என்றால் உடனே 108. வெயிலில் இருந்தவர் வியர்வை நின்று, உடம்பு கொதித்து, உளறினால் அதுவும் 108தான்; வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து உடம்பில் தண்ணீர் தெளித்து விசிறுங்கள், நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆபரேஷன் புண் சிவந்து நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ நாள் கடத்த வேண்டாம்.

தோட்டத்தில் இருந்த அன்று இரவு மூட்டு சற்றுக் கடுப்பது இயல்பு. மறுநாள் காலையிலும் அந்த வலியும் வீக்கமும் குறையாவிட்டால் முந்தினநாள் அளவு அதிகம், பாதியாக்குங்கள்.

பழையபடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து களை எடுக்க முடியுமா?

மூட்டு மாற்றியவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வார்கள். சிலருக்கு டாக்டர் அனுமதிப்பதும் உண்டு, ஆனால் அது மாதங்கள் கழித்து. எலும்பு முறிவு மட்டும் என்றால் கூடிய பிறகு பெரும்பாலும் முடியும்.

வீட்டில் யாரும் இல்லாதபோது தனியாக மாடிக்குப் போகலாமா?

ஊன்றுகோல் இல்லாமல் படி ஏறி இறங்கும் நிலை வரும் வரை வேண்டாம். அதன்பிறகு போனாலும் போன் பையிலோ மேஜையிலோ அல்ல, கழுத்தில் தொங்க வேண்டும். விழுந்தவருக்கு மேஜை எட்டாது. பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள். மாடிக் கதவு காற்றில் அறைந்து உள்பக்கத் தாழ்ப்பாள் தானாக விழுந்துகொள்வது பல வீடுகளில் நடப்பதுதான்: நீங்கள் வெளியே, சாவி உள்ளே, வெயில் ஏறிக்கொண்டிருக்கும். கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள், அது காலில் தடுக்கும். சுவரில் ஒரு கொக்கி அடித்துக் கதவை அதில் மாட்டுங்கள், இடுப்பு உயரத்தில்.